ஒரு வீரர் விற்கப்பட்ட இரவு: பாஸ்டன் பேஸ்பால் ரசிகர்கள் ஏன் கணக்குப்பிள்ளைகள் ஆனார்கள்?

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ரெட் சாக்ஸ் அணி, பரம வைரியான நியூயார்க் யாங்கீஸை மூன்றாவது நாளாகத் தோற்கடித்தது. மூன்றுக்கு மூன்று. அன்றைய ஆட்டத்தில் ரஃபேல் டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். ரசிகர்கள் குஷியாக வீட்டுக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் செல்போனில் செய்தி வந்து நின்றது. டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் அணிக்குக் கொடுத்தாகிவிட்டது!

டெவர்ஸ் சாதாரண ஆள் இல்லை. டொமினிகன் குடியரசிலிருந்து 16 வயதில் ரெட் சாக்ஸ் ஒப்பந்தம் செய்து கூட்டிவந்த பையன். 2018-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 2023 ஜனவரியில்தான் அவருக்கு 10 ஆண்டுகள், 31.35 கோடி டாலர் என்று அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் போடப்பட்டது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை சீசன்தான் ஆகியிருந்தது.

அன்று இரவு பாஸ்டனில் நடந்த வாக்குவாதம் வேடிக்கையானது. "எங்க பையனை ஏன்பா அனுப்பினீங்க?" என்று ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம், "விடுப்பா, 25 கோடி டாலர் மிச்சம். நல்ல டீல்தான்" என்று சமாதானம். கவனியுங்கள், இரண்டாவதாகப் பேசியவர்களும் அதே அணியின் ரசிகர்கள்தான். அவர்களுடைய பாக்கெட்டுக்கு ஒரு சென்ட்கூட வரப்போவதில்லை. ஆனாலும் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி மிச்சம் பார்த்தார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அது என்ன 'லக்ஸரி டாக்ஸ்'?

இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் சம்பள விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபிஎல்லில் 2025 ஏலத்தின்போது ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று ஒரே பை. அதற்கு மேல் யாரும் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பே கிடையாது. அமெரிக்காவின் மற்ற பெரிய லீக்குகளான கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் மட்டும் வீரர்கள் சங்கம் இன்றுவரை அதற்குச் சம்மதிக்கவில்லை.

அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த வரி. ஆண்டுதோறும் ஒரு கோடு போடுவார்கள். 2025-ல் அது 24.1 கோடி டாலர், 2026-ல் 24.4 கோடி. அணியின் மொத்தச் சம்பளம் கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி. முதல் முறை 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50. ரொம்பவே தாண்டினால் கூடுதல் அபராதமும் உண்டு. இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டிலும் இடம் பின்னால் போகும். ஓராண்டு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் மீட்டர் மறுபடி 20-க்குத் திரும்பிவிடும்.

'தாண்டிய தொகைக்கு மட்டும்' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 24.1 கோடி கோடு இருக்கும்போது ஓர் அணி 25.1 கோடி செலவழித்தால், முதல்முறை வரி வெறும் 20 லட்சம் டாலர். இந்த விளையாட்டில் அது அனுபவமில்லாத புதுமுகங்கள் மூன்று பேருக்கான குறைந்தபட்ச சம்பளத்தைவிடக் குறைவு. ஆக, கோடு என்பது சுவர் இல்லை. தாண்டிப் போகலாம், டோல் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இருந்தும் பல முதலாளிகள் அதைச் சுவர் என்றே பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு ரசிகர்களும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

காயம் தொடங்கிய இடம்

பாஸ்டன்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், அதற்குக் காரணம் டெவர்ஸ் மட்டும் இல்லை. அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மூக்கி பெட்ஸ் போய்விட்டார்.

பெட்ஸ் 2011 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். அதாவது, யாரும் பெரிதாக எதிர்பார்க்காதவர். 2018-ல் அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்களில் வென்று, கோப்பையையும் தூக்கியது. ஆனால் அந்த அணி விலை உயர்ந்த அணி. 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் கோட்டைத் தாண்டி, மொத்தம் சுமார் 2.5 கோடி டாலர் வரி கட்டியது. 2019 செப்டம்பரில் உரிமையாளர் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது: அடுத்த ஆண்டு 20.8 கோடி கோட்டுக்குக் கீழே போக விரும்புகிறோம்.

2020 பிப்ரவரியில் பெட்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். கூடவே டேவிட் பிரைஸ் என்ற பிட்சரும். பிரைஸுக்கு இன்னும் 9.6 கோடி டாலர் சம்பளம் பாக்கி இருந்தது. அதில் பாதியை டாட்ஜர்ஸ் ஏற்றுக்கொண்டது. உண்மையில் பெட்ஸ் என்ற மாங்காயோடு பிரைஸ் என்ற பாறாங்கல்லையும் சேர்த்துக் கட்டித் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர்: அலெக்ஸ் வெர்டுகோ, ஜெட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது மொத்தம் 14 ஆட்டங்கள். வெர்டுகோவை 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே கொடுத்துவிட்டார்கள். வாங் மட்டும் கேட்சராக நின்றார்.

பெட்ஸ்? அதே ஆண்டு ஜூலையில் டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுகள், 36.5 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டார். 2020, 2024, 2025 என்று அங்கே மூன்று கோப்பைகள் வென்றார்.

"அவர் எப்படியும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிப் போயிருப்பார், சும்மா விடுவதற்குப் பதிலாக ஏதோ வாங்கினோமே" என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். இன்றும் சிலர் அதைச் சொல்வதுண்டு. போகத்தான் போகிறார் என்றால் டாட்ஜர்ஸில் ஆறு மாதத்துக்குள் ஏன் கையெழுத்துப் போட்டார்? அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள், போட்டார். பாஸ்டன் கொடுக்கத் தயாராக இல்லை. அது ஒரு தேர்வு. அதை 'வேறு வழியில்லை' என்று சொல்வதுதான் பிரச்சினை.

இதில் இன்னொரு விஷயம். 1920 ஜனவரியில் இதே ரெட் சாக்ஸ்தான் பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றதாக அறிவித்தது. அப்போதும் காரணம் உரிமையாளரின் பணத்தேவைதான். 1918-ல் வென்ற பாஸ்டன் அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை அதையே பேசிப் பேசித் தேய்ந்த ஊர் அது. சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே போல ஒரு நாயகனை அனுப்பினால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்?

கையைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள்

நியாயமாகப் பார்த்தால், நிர்வாகத்தின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. பேஸ்பால் ஒப்பந்தம் ஒருமுறை போட்டால் போட்டதுதான். வீரர் காயமடைந்தாலும், ஃபார்ம் இழந்தாலும் கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும்.

கிறிஸ் சேல் கதையைப் பாருங்கள். 2019 மார்ச்சில் 5 ஆண்டுகளுக்கு 14.5 கோடி டாலர் ஒப்பந்தம். 2020-ல் முழங்கை அறுவை சிகிச்சை, சீசன் முழுக்க இல்லை. 2022-ல் இரண்டே ஆட்டங்களில் பந்து வீசினார். பந்து பட்டு விரல் உடைந்தது, அது ஆறுவதற்குள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. சைக்கிள்! ரசிகர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று, 'போதும் சாமி' என்று அட்லாண்டா பிரேவ்ஸுக்கு அனுப்பினார்கள், சம்பளத்தில் 1.7 கோடி டாலரையும் பாஸ்டனே கையிலிருந்து கொடுத்தது. 2024-ல் சேல் அங்கே 18 வெற்றி, 225 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்பவர்களும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். பொறுமையில்லாமல் விற்பதுதான் ஆபத்து என்பவர்களும் இதையே சொல்கிறார்கள்.

டெவர்ஸ் விஷயம் வேறு

பெட்ஸ் டிரேடையும் டெவர்ஸ் டிரேடையும் ஒரே தராசில் வைத்துப் பேசுபவர்கள் அதிகம். அது சரியில்லை.

2025 பிப்ரவரியில் ரெட் சாக்ஸ், அலெக்ஸ் பிரெக்மனை 3 ஆண்டுகள், 12 கோடி டாலருக்கு எடுத்தது. அவர் ஆடுவது தேர்ட் பேஸ். டெவர்ஸ் ஆடுவதும் தேர்ட் பேஸ். "இது என் இடம்" என்றார் டெவர்ஸ். பிறகு மனமில்லாமல் இறங்கிவந்து, ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்யும் டிஹெச் ஆனார். மே மாதத் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் பேஸ் வீரர் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்காலில் கடுமையான காயம். "நீங்கள் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட முடியுமா?" என்று கேட்டார்கள். முடியாது என்று பத்திரிகையாளர்கள் முன்பே சொல்லிவிட்டார். உரிமையாளர் ஜான் ஹென்றியே விமானம் ஏறி, அணி ஆடிக்கொண்டிருந்த கன்சாஸ் சிட்டிக்குப் போய்ப் பேச வேண்டியதாயிற்று.

31 கோடி டாலர் வாங்குபவர் அணிக்காக ஓர் இடம் மாறக்கூடாதா என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு முறை வேலையை மாற்றச் சொன்னால் எந்த ஊழியருக்கும் கோபம் வரும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் 'ரோல்' மாற்றியதால் சண்டை போட்டு வெளியேறியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

களத்தில் நடந்ததைப் பார்த்தால், டிரேடுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதுவரை வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமமாக இருந்த அணி, டெவர்ஸ் போன பிறகு வேகமெடுத்து 89 வெற்றிகளோடு பிளே ஆஃபுக்குப் போனது. அங்கே யாங்கீஸிடம் தோற்றது வேறு கதை. டெவர்ஸை வாங்கிய ஜெயன்ட்ஸ் 81-81 என்று முடித்து, பிளே ஆஃபைப் பார்க்கவே இல்லை.

ஆனால் பதிலுக்கு வந்த சரக்கைப் பாருங்கள். ஜோர்டன் ஹிக்ஸ், கைல் ஹாரிசன், ஜேம்ஸ் டிப்ஸ், ஹோசே பெல்லோ என்று நான்கு பேர். அதில் டிப்ஸ் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவரை டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். ஆக, இந்த டிரேடில் பாஸ்டனுக்குக் கிடைத்த உண்மையான பொருள் அந்த நால்வரும் இல்லை. ஜெயன்ட்ஸ் ஏற்றுக்கொண்ட 25 கோடிக்கும் மேற்பட்ட டாலர் பாக்கிதான். அதாவது, ஒரு பேட்ஸ்மேனைக் கொடுத்து காலியிடம் வாங்கினார்கள். அந்தக் காலியிடத்தில் ஆள் வந்தால் இது நல்ல டிரேட். வராமல் பணம் கஜானாவிலேயே தங்கிவிட்டால், பெட்ஸ் கதை மறுபடியும்.

மிச்சம் எங்கே போகிறது?

இங்கேதான் 'நல்ல டீல்' என்று சொல்லும் ரசிகர்கள் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். மிச்சம் பிடித்த பணம் வீரர்களிடம் போகிறதா?

ஹென்றி தலைமையிலான குழு ரெட் சாக்ஸை 2002-ல் வாங்கியது. விலை, மைதானமும் டி.வி. சேனல் பங்கும் சேர்த்துச் சுமார் 70 கோடி டாலர். 2025-ல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 480 கோடி டாலர். இதே குழுமம்தான் லிவர்பூல் கால்பந்து அணியையும் வைத்திருக்கிறது. நம்மூர் லிவர்பூல் ரசிகர்களுக்கு இந்த முதலாளி புதியவர் இல்லை. டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தால் 'இன்னும் ஏன் ஆள் எடுக்கல?' என்ற அதே புலம்பல் அங்கேயும் கேட்கும்.

குற்றம் மட்டும் சொல்வது நியாயமில்லை. இந்த உரிமையாளர்கள் காலத்தில்தான் 2004, 2007, 2013, 2018 என்று நான்கு கோப்பைகள் வந்தன. காரட் குரோஷே என்ற பிட்சரை 2024 டிசம்பரில் வாங்கி, 6 ஆண்டுகள், 17 கோடி டாலருக்கு உறுதி செய்தார்கள். 2025-ல் அவர் 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். 21 வயது ரோமன் ஆன்டனி, மேஜர் லீகுக்கு வந்த இரண்டே மாதத்தில் 8 ஆண்டுகள், 13 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

ஆன்டனி மாதிரி பையன்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பேஸ்பாலில் புதிதாக வருபவர் ஆறு ஆண்டு சர்வீஸ் முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்ச சம்பளம்தான், 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு நடுவர் மன்றம் வழியாகப் பேரம். அதாவது, வாழ்க்கையின் சிறந்த ஆட்டத்தை ஆடும் வயதில் மிகக் குறைந்த விலைக்கு ஆடுவார். பெரிய சம்பளம் வரும்போது 30-ஐ நெருங்கியிருப்பார். சீக்கிரமே நீண்ட ஒப்பந்தம் போட்டால் பையனுக்குப் பாதுகாப்பு, அணிக்கு மலிவு. ஆனால் இதுவும் லாட்டரிதான். கிறிஸ்டியன் கேம்ப்பெலுக்கு 2025 ஏப்ரலில் 8 ஆண்டுகள், 6 கோடி டாலர் கொடுத்தார்கள். ஜூன் மாதம் அவர் மறுபடி மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்தார்.

பிரெக்மன் விஷயத்தில் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. டெவர்ஸோடு மனஸ்தாபம் தொடங்கக் காரணமாக இருந்த அந்த 12 கோடி ஒப்பந்தத்தில், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விலகிக்கொள்ளும் உரிமை பிரெக்மனுக்கு இருந்தது. 2025 சீசன் முடிந்ததும் அவர் அதைப் பயன்படுத்தி வெளியேறினார். எட்டு மாத இடைவெளியில் தேர்ட் பேஸுக்கு உரிமை கேட்ட இருவருமே பாஸ்டனில் இல்லை!

பணம் இருந்தால் போதுமா?

'டாட்ஜர்ஸ் எல்லாவற்றையும் விலைக்கு வாங்குது' என்பது இப்போது எல்லா ஊர் ரசிகர்களின் புலம்பல். ஷோஹெய் ஒதானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தம் அதற்கு அடையாளம். (2002-ல் மொத்த ரெட் சாக்ஸின் விலை அது!) ஆனால் ஒதானி ஆண்டுக்கு வாங்குவது 20 லட்சம்தான். மீதி 68 கோடி, 2034 முதல் 2043 வரை தவணையில் வரும். பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, வரிக்கோட்டில் அவர் பெயரில் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி ஏறுகிறது. அதையும் தாண்டி டாட்ஜர்ஸ் 2025-க்குக் கட்டிய வரி மட்டும் சுமார் 17 கோடி டாலர். கோட்டைச் சுவராகப் பார்க்காதவர்கள் அவர்கள்.

அதே 2025-ல் வழக்கமான சீசனில் அதிக வெற்றி பெற்றது யார்? சிறிய நகரமான மில்வாக்கியின் பிரூவர்ஸ், 97 வெற்றி. ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்த நியூயார்க் மெட்ஸ் 83 வெற்றியோடு பிளே ஆஃபுக்கே போகவில்லை. பிளே ஆஃபில் அதே பிரூவர்ஸை டாட்ஜர்ஸ் நான்குக்கு நான்கு வென்று வீட்டுக்கு அனுப்பியது. யாருக்கு வேண்டிய உதாரணத்தை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். ரெட் சாக்ஸே 2022-ல் கோட்டைக் கொஞ்சூண்டு தாண்டி, வரியும் கட்டி, தன் பிரிவில் கடைசி இடத்திலும் முடித்தது. செலவும் ஆச்சு, சேதாரமும் ஆச்சு.

டிசம்பர் 1-க்கு என்ன?

இந்த வாக்குவாதம் சும்மா பொழுதுபோக்கு இல்லை. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் உரிமையாளர்கள் பக்கம் பலமாகக் கேட்கிறது. ஒப்பந்தம் ஏற்படாவிட்டால் கதவைப் பூட்டலாம். கடந்த முறை 2021 டிசம்பரில் பூட்டியபோது திறக்க 99 நாட்கள் ஆயின. 1994-ல் வேலைநிறுத்தம் வந்தபோது அந்த ஆண்டின் வேர்ல்டு சீரிஸே ரத்தானது. அப்போதும் சண்டை உச்சவரம்பைப் பற்றித்தான்.

அடுத்த சண்டையில் உரிமையாளர்கள் ரசிகர்களைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். 'வீரர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் தெரியுமா? உங்கள் அணி ஏன் தோற்கிறது தெரியுமா?' என்று. ஒவ்வொரு வீரரின் சம்பளமும் டாலர் கணக்கில் வெளியே தெரியும். எந்த உரிமையாளர் ஆண்டுக்கு எவ்வளவு லாபம் எடுக்கிறார் என்பது பெரும்பாலும் தெரியாது. ஒரு பக்கக் கணக்கு மட்டும் திறந்திருக்கும்போது, ரசிகன் அந்தப் பக்கத்தையே பார்த்துக் கோபப்படுவான். உச்சவரம்பு கேட்கிறவர்கள் குறைந்தபட்சச் செலவையும் சேர்த்துக் கட்டாயமாக்கச் சம்மதிக்கிறார்களா, கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்களா என்று பாஸ்டன் ரசிகர்கள் கேட்கலாம். 25 கோடியை மிச்சம் என்று கொண்டாடியவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இன்னும் அதிகம்.

பெட்ஸின் ஒப்பந்தம் 2032 வரை. டெவர்ஸின் ஒப்பந்தம் 2033 வரை. இரண்டு சம்பளச் சீட்டுகளும் கலிஃபோர்னியாவில்தான் அச்சாகப்போகின்றன. ஃபென்வேயில் டிக்கெட் வாங்குபவர்கள் ஒவ்வொரு சீசனும் அந்த இரண்டு பெயர்களின் ஸ்கோரையும் போனில் தேடிப் பார்ப்பார்கள்.